சிட்டாவில் யார் பெயர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குறுவை நடவுச் செய்தியோடு நீங்கள் போட்டிருந்த படத்தில் குனிந்து நடுகிற எல்லோரும் பெண்கள். அதற்குக் கீழே 'விவசாயிகள் கருத்து' என்று பேசிய நாலு பேரும் ஆண்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம் மூன்று ஏக்கர். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஒன்பது வருஷமாக விதைநெல் வாங்குவது, நாற்றங்கால் விடுவது, ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய் மடை திறப்பது, ஆள் கூப்பிடுவது, கடனை அடைப்பது எல்லாம் நான்தான். போன சம்பாவுக்குக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஐந்து நாள் காவல் கிடந்தேன். பனி இறங்கினால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், வெயில் வந்தால் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். கடைசியில் என் முறை வந்தபோது, "சிட்டா அவர் பேர்ல இருக்கும்மா, வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார்கள். கொழுந்தனார் வந்து நின்ற பிறகுதான் மூட்டை தராசில் ஏறியது.

நிலம் யார் பெயரில் என்று காட்டுகிற இந்தச் சிட்டா ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் சாவி. பயிர்க்கடன், மத்திய அரசு தரும் வருஷத்துக்கு 6,000 ரூபாய், எல்லாமே நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான். 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, ஆனால் சீர் செய்தாயிற்றே என்று, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், நானும் என் அண்ணனுக்குப் போட்டுக் கொடுத்தவள்தான்.

இதே கீழத்தஞ்சையில்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்து, பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தார். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் ஐயா மாநிலங்களவையில் பெண் விவசாயிகளுக்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பெயரில் இல்லாவிட்டாலும், கிராம சபை ஒப்புக்கொண்டால் 'பெண் விவசாயி' என்று சான்று தரலாம் என்று அதில் இருந்தது. அது சட்டமாகாமலேயே காலாவதியாகிவிட்டது. அந்தச் சான்று என் கையில் இருந்திருந்தால் அன்றைக்குக் கொழுந்தனாரைத் தேடி ஓடியிருக்க மாட்டேன். மாநில அரசாவது இதைக் கையில் எடுக்க வேண்டும், உங்கள் பத்திரிகை இதைக் கேட்டு எழுத வேண்டும்.

அப்புறம், அடுத்த தடவை உங்கள் நிருபர் வந்தால் ரோட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகாமல் வரப்பில் இறங்கி வரச் சொல்லுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வந்தது, ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று நாங்களே சொல்வோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்