ஞாயிறு கண்மாய்ப் பணி: சீமைக்கருவேலம் அகற்றல்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்குக் கண்மாய்க் கரையில் கூடுகிறோம். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடப்பதைக் காணப் பொறுக்கவில்லை. மழைக்கு முன் வழிவிட்டாக வேண்டும்.

அரிவாள் மட்டும் போதாது, கடப்பாரை, மண்வெட்டி கட்டாயம். மேலே வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்து முன்னைவிட அடர்ந்துவிடும். வேரோடு தோண்டுவதே வழி.

மெக்சிகோ, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த மரம் இது. ஆடுமாடுகள் இனிப்பான நெற்றைத் தின்ன, செரிக்காத விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. எனவே நெற்றுகளைச் சிதறவிடாமல் சாக்கில் அள்ளுங்கள்.

நம் நாட்டுக் கருவேலத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை. நெற்று மணிமாலைபோல் இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர்.

முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும். கனமான காலணி அணிந்து வாருங்கள்.