மிக்குவின் பாட்டில் எதைக் கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் செயற்கைக் குரல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பானின் மென்பொருள் பாடகி ஹாட்சுனே மிக்குவுக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று இரண்டு பக்கம் ஒதுக்கியதே எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டுரையாளர் மேடையில் ஒளிரும் அவளுடைய சித்திர உருவத்தின் நீலப்பச்சை ரெட்டைச் சடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார், பாட்டைக் கேட்கவில்லை என்றே படுகிறது. போதாக்குறைக்குத் தலைப்பிலேயே 'ஏஐ பாடகி' என்று போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

2007 ஆகஸ்ட் 31 அன்று சப்போரோவில் இருக்கும் கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா என்ற நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்த மென்பொருள்தான் மிக்கு. அடியில் ஓடுவது யமஹாவின் வோகலாய்ட் தொழில்நுட்பம். சாகி ஃபுஜிடா என்ற குரல் நடிகை பதிந்து கொடுத்த ஒலித்துணுக்குகளை அது ஒட்டவைத்துப் பாட்டாக்குகிறது. அன்றைய மிக்குவுக்குத் தானாக எதுவும் பாடத் தெரியாது.

நான் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவள். பழைய மாணவன் ஒருவன் தன் லேப்டாப்பில் இதைத் திறந்து காட்டினான். இடப்பக்கம் கீபோர்டு கட்டைகள் செங்குத்தாக நிற்கும். எதிரே கட்டம் போட்ட வெளி. எந்த ஸ்வரம் வேண்டுமோ அந்த உயரத்தில் ஒரு பட்டையை இழுத்துவிட்டு, அதன்மேல் ஓர் அசையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஜப்பானிய எழுத்துகள் பெரும்பாலும் நம் உயிர்மெய் போல உயிரில் முடிவதால் ஒரு எழுத்துக்கு ஒரு ஸ்வரம் என்று அழகாக உட்கார்ந்துகொள்கிறது. முதல் தடவை ஓட்டிப் பார்த்தால் உப்புச் சப்பில்லாமல் ஒப்பிக்கும். பிறகுதான் வேலையே. ஒரு பட்டையை ஒரு மயிரிழை முன்னால் தள்ள வேண்டும், வரி முடிவில் மூச்சைச் சேர்க்க வேண்டும், ஸ்வரத்துக்கு ஸ்வரம் குரல் எப்படி வழுக்க வேண்டும் என்று கீழே வளைகோடு வரைய வேண்டும். நாம் கமகம் என்று தொண்டையில் பழக்குவதை அவர்கள் மவுஸால் கோடாக வரைகிறார்கள். ஒரே வரிக்கு ஒரு சாயங்காலம் போய்விடும் என்றான்.

'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரஹ்மான் ஏஐ வழியாகக் கொண்டுவந்ததையும் மிக்குவையும் கட்டுரையாளர் ஒரே பத்தியில் அடைத்திருக்கிறார். அங்கே நாம் கேட்டுப் பழகிய மனிதர்களை நினைத்துக்கொள்கிறோம். மிக்குவைக் கேட்கும்போது நினைத்துக்கொள்ள யாரும் இல்லை. பாட்டு எழுதியவர் மட்டும்தான் இருக்கிறார். ஆகவே பாடகியைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இசையமைப்பாளரைத் தேடிப் போங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? நான் 'மெல்ட்' என்பேன். ரியோ என்பவர் 2007 டிசம்பரில் நிகோநிகோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் ஏற்றியது. அதற்கு முன் வந்த பாட்டுகளில் பல, 'நான் மிக்கு, என்னைப் பாட வையுங்கள்' என்ற ரகம். இதுவோ காதலில் விழுந்த ஒரு சாதாரணப் பெண்ணின் பாட்டு. அதைக் கேட்ட ஆட்கள் தாங்களும் பாடிப் பதிந்து அதே தளத்தில் ஏற்ற ஆரம்பித்தார்கள். மென்பொருள் முதலில் பாட, மனிதர்கள் பின்பாட்டுப் பாடிய காலம் அது.

அடுத்தது கொஞ்சம் முரட்டுப் பாட்டு. காஸ்மோ என்பவரின் 'ஹாட்சுனே மிக்கு நோ ஷோஷிட்சு', அதாவது மிக்கு மறைந்துபோவது. முழு வடிவம் 2008இல் வந்தது. கணினியிலிருந்து அழிக்கப்படப் போகும் பாடும் மென்பொருள், அழிவதற்குள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிடத் துடிக்கிறது. நிமிடத்துக்கு 240 தட்டு வேகம். மூச்சு வாங்க இடமே கிடையாது. பாடுகிறவளுக்கு மூச்சே இல்லையே. வார்த்தைகள் அசுர வேகத்தில் கொட்டுவதை வெறும் வித்தை என்று சிலர் ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரம் முடியப்போகிற ஒருத்திக்கு வேறு எந்த லயம் பொருந்தும்? இதையும் விடாமல் பாடிக் காட்டிய மனிதத் தொண்டைகள் ஜப்பானில் உண்டு என்பது வேறு கதை.

இதற்கு நேர் எதிரே ஒரு பாட்டு இருக்கிறது. நான் அதிகம் கேட்பது அதைத்தான். கோபயாஷி ஓனிக்ஸ் என்பவர் 2008இல் வெளியிட்ட 'சாய்ஹாட்டே'. இறந்துபோன ஒருவரை வழியனுப்பும் பாட்டு. ஆனால் இசை துள்ளலாக, மெல்லிய எலக்ட்ரானிக் தாளத்தில் போகிறது. அந்தப் பக்கம் எப்படி இருக்குமோ, போய்ச் சேர்ந்ததும் ஒரு சேதி அனுப்பு என்கிற மாதிரி பேச்சு. ஊருக்குப் போகிறவரைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுச் சொல்வதுபோல. நம் பாடகி யாரிடமாவது இதைக் கொடுத்திருந்தால் மூன்றாவது வரியில் குரல் தழுதழுத்திருக்கும், வயலின் வேறு சேர்ந்திருக்கும். மிக்குவுக்குத் தழுதழுக்கத் தெரியாது. நேராக, சுத்தமாக, ஒரு குழந்தை மாதிரி பாடிவிட்டுப் போகிறாள். அழுகையை அவள் நமக்கு விட்டுவிடுகிறாள். ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்கு இது முதலில் மரியாதைக் குறைவாகக்கூடப் பட்டது. இப்போது, இந்தப் பாட்டை மனிதர் பாடினால்தான் கெட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

வோவாகாவின் 'ரோலிங் கேர்ள்' 2010இல் வந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று உருண்டுகொண்டே இருக்கும் பெண்ணைப் பற்றியது. பள்ளியில் தோற்றுத் தோற்று எழுகிற பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவள் என்பதாலோ என்னவோ, அந்தப் பியானோ ஓட்டம் என்னை உலுக்கிவிடும். பிற்காலத்தில் வந்த ஜப்பானிய வேகப் பாட்டுகள் பலவற்றில் இவருடைய சாயல் உண்டு. வோவாகா 2019இல், 31 வயதிலேயே போய்விட்டார்.

கட்டுரையாளர் குறிப்பிட்ட ஒரே பாட்டு 'சென்பொன்சகுரா'. 2011இல் குரோ உசா எழுதியது. நல்ல பாட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து ஸ்வரத்தில் நடப்பதால் என் காதுக்குச் சுத்த தன்யாசிச் சாயல்கூட அடிக்கும். 2015 ஆண்டிறுதியில் என்எச்கே தொலைக்காட்சியின் கோஹாகு பாட்டு நிகழ்ச்சியில் சச்சிக்கோ கோபயாஷி என்ற, என்கா எனும் பழைய பாணிப் பாட்டுகளின் மூத்த பாடகி அதைப் பாடியதும் பாட்டிமார் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. என்றாலும் மிக்குவை அறிமுகப்படுத்த இது ஒன்று போதும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தக் குரலுக்கும் ஈடுகொடுக்கும் பாட்டு இது. மிக்குதான் வேண்டும் என்று கேட்காது.

இந்தப் பட்டறையில் பழகியவர்கள்தான் இன்று ஜப்பானிய பாப் இசையில் முன்வரிசையில் இருக்கிறார்கள். கென்ஷி யோனெசு, ஹாச்சி என்ற பெயரில் மிக்குவையும் குமி என்ற இன்னொரு வோகலாய்ட் குரலையும் சேர்த்து 2010இல் 'மத்ரியோஷ்கா' செய்தார். யோனெசுவின் ரசிகர்கள் அதைக் கேட்டால் இவரா அவர் என்பார்கள். யோவாசோபி என்ற இருவர் குழுவில் இசையமைக்கும் அயாசேயும் இங்கிருந்து வந்தவரே. மறுமுனையில் சிந்தசைசர் முன்னோடி இசாவோ தோமிதா 2012இல், 80 வயதில், முழு ஆர்கெஸ்ட்ராவோடு மிக்குவைத் தன் 'இஹாதோவ்' சிம்பொனியில் பாட வைத்தார். கணினியின் தாளத்துக்கு வாத்தியக்காரர்களை ஓட வைக்காமல், ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவரின் கையசைவுக்கு மிக்குவைப் பின்தொடர வைத்தார்கள். எண்பது வயதில் வந்த ஆசையைப் பாருங்கள்.

'ஏஐ' என்ற சொல்லுக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது சமீபத்துக் கதை. கசானே டெட்டோ என்ற இன்னொரு மென்பொருள் பாடகி, 2008 ஏப்ரல் முதல் தேதி ஊரை ஏமாற்ற இணையத்தில் சிலர் கட்டிவிட்ட பொய். பொய் பிடித்துப்போய், யுடாவு என்ற இலவச மென்பொருளில் நிஜமாகவே குரல் கொடுத்துவிட்டார்கள். 2023இல் சிந்தசைசர் வி என்ற மென்பொருளுக்காக டெட்டோவுக்கு ஏஐ முறையில் புதுக்குரல் வந்தது. மறு ஆண்டு மிக்குவும் டெட்டோவும் சேர்ந்து பாடிய 'மெஸ்மரைசர்' யூடியூபில் பத்துக் கோடிப் பார்வையைத் தாண்டியது. இந்தப் புதுக் குரல்கள் மூச்சு விடுகின்றன, அசட்டையாக இழுக்கின்றன, கொஞ்சுகின்றன. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'சாய்ஹாட்டே'யை இந்தக் குரலில் திரும்பச் செய்ய யாராவது கிளம்பினால் நான் எதிர்ப்பேன்.

ஒரு வேண்டுகோள். தொடர்கட்டுரை வருமென்று போட்டிருக்கிறீர்கள். அதில் மெகுரினே லூக்காவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். 2009இல் வந்த, சற்றே கனத்த பெண்குரல். 'ஜஸ்ட் பி ஃபிரெண்ட்ஸ்' அவளுடையதுதான். பிரிந்துபோகும் இருவர் பற்றிய பாட்டு, தாளமோ கால் ஆடவைக்கும். கட்டுரையாளர் படத்தை அணைத்துவிட்டு, ஹெட்போனில் கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி