கம்பத்து மண்ணுல மார்கரெட் ரிவர் வராது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஆஸ்திரேலியாவோட மார்கரெட் ரிவர் ஒயின் தோட்டங்கள் பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் பிரமாதம், அதுல குறையே இல்ல. ஆனா மேப்ல புள்ளிய அடிலெய்டு பக்கத்துல வெச்சுட்டீங்க, அது சவுத் ஆஸ்திரேலியா. மார்கரெட் ரிவர் இருக்கறது வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருந்து தெக்க கார்ல மூணு மணி நேரம், நாட்டோட தென்மேற்கு மூலையில. இத நான் பெர்த்துல உக்காந்துதான் டைப் பண்றேன், அதனால கொஞ்சம் உரிமையோட சொல்றேன்னு வெச்சுக்கங்க.

மேப் தப்ப விடுங்க. கட்டுரையோட கடைசி பாராதான் என்னை எழுத வெச்சுது. "பாரம்பரியமும் கடல் காத்தும்தான் அந்த ஊர் ரகசியம், அரசு மனசு வெச்சா நம்ம கம்பம் பள்ளத்தாக்கும் இன்னொரு மார்கரெட் ரிவர் ஆயிடும்"னு முடிச்சிருக்காங்க. எங்க குடும்பத்துக்கு சுருளிப்பட்டி பக்கம் பன்னீர் திராட்சை பந்தல் இருந்துச்சு, நான் வளர்ந்ததே அதுக்கு அடியிலதான். ஊருக்கு நல்லது நடந்தா எனக்கு சந்தோஷம் தான், ஆனா இது நடக்காது சார், நடக்காததுக்கு காரணம் அரசு இல்ல.

மொதல்ல மார்கரெட் ரிவர்ல பாரம்பரியம்னு ஒண்ணு கிடையாது. 1960கள் வரைக்கும் அது மாட்டுப்பண்ணை, மரம் வெட்டுற ஏரியா, திராட்சைக்குன்னு அந்த ஊருக்கு ஒரு பேரும் இல்ல. 1955ல கலிஃபோர்னியாவுல இருந்து ஹரோல்ட் ஓல்மோன்னு ஒரு திராட்சை நிபுணர் வந்து அந்த மாநிலத்த சுத்திப் பாத்துட்டு, தெக்கு ஓரமா மவுண்ட் பார்க்கர், ஃபிராங்க்லண்ட் பக்கம் நல்லா இருக்கும்னு எழுதிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ்னு ஒரு வேளாண் விஞ்ஞானி. அவரோட மெயின் வேலையே திராட்சை இல்லீங்க, லூப்பின்னு சொல்ற ஒரு பயறு வகையில புது ரகம் உருவாக்குறது. அந்த மனுஷன் வானிலை ரிஜிஸ்டர எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு, எந்த மாசம் எவ்ளோ மழை, எவ்ளோ வெயில், ராத்திரி எவ்ளோ குளிருதுன்னு பாத்து, பிரான்ஸ்ல ஒயினுக்குப் பேர்போன போர்டோ கணக்கோட ஒப்பிட்டு, 1965லயும் 1966லயும் ரெண்டு கட்டுரை எழுதினாரு. மழை கம்மியான வருஷத்துல போர்டோவுல பொமெரோல், செயின்ட் எமிலியான் பக்கம் எப்படி இருக்குமோ, இங்க ஏறக்குறைய அப்படியே இருக்குங்கறதுதான் அவரு கண்டது.

அத நம்பி 1967ல டாம் கல்லிட்டின்னு ஒரு இதய டாக்டர் மார்கரெட் ரிவர் ஏரியாவுல வில்யாப்ரப்ங்கற இடத்துல கொடி நட்டாரு, வாஸ் ஃபெலிக்ஸ் தோட்டம் அதுதான். 1969ல மாஸ் வுட் தோட்டம் போட்ட பில் பானெல், 1971ல தோட்டம் போட்ட கெவின் கல்லன், ரெண்டு பேரும் டாக்டருங்க. கிளினிக்க பாத்துக்கிட்டு மிச்ச நேரத்துல தோட்டம். ஆக இருக்கறது அறுபது வருஷத்துக்கும் கொறச்சலான கதை. நம்ம பன்னீர் திராட்சை 1832ல பிரெஞ்சு பாதிரியார் ஒருத்தர் கொண்டு வந்ததுன்னு சொல்றாங்க, அந்தக் கணக்குல பாரம்பரியம் யாருக்கு ஜாஸ்தின்னு நீங்களே பாத்துக்கங்க.

இப்ப கடல் காத்துக்கு வருவோம், அது உண்மைதான், ஆனா அது என்ன பண்ணுதுங்கறத கட்டுரை சொல்லல. வடக்க கேப் நேச்சுரலிஸ்ட், தெக்க கேப் லூவின், நடுவுல சுமாரா நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை நிலம், மேற்க இந்தியப் பெருங்கடல், வடக்க ஜியோகிராஃப் விரிகுடா, தெக்க தென்பெருங்கடல்னு மூணு பக்கமும் தண்ணி. அதனால அங்க சூடும் ஏறாது குளிரும் இறங்காது. ரொம்ப சூடான மாசத்துக்கும் ரொம்ப குளிரான மாசத்துக்கும் சராசரி வித்தியாசமே 7.6 டிகிரிதான்னு கிளாட்ஸ்டோன்ஸ் கணக்கு, ஆஸ்திரேலியாவோட ஒயின் ஏரியாக்கள்லயே இதுதான் கம்மி. பழம் அவசரமில்லாம பழுக்கும், இனிப்பு ஏறும்போது புளிப்பு சட்டுனு காணாமப் போகாது, தோல்ல நிறமும் துவர்ப்பும் சேர டைம் கிடைக்கும்.

மழை வருஷத்துக்கு சுமாரா 1,100 மில்லிமீட்டர், ஆனா அதுல பெரும்பகுதி மே மாசத்துல இருந்து செப்டம்பருக்குள்ள, அதாவது அங்க குளிர்காலத்துல, கொடி இலையில்லாம தூங்குறப்ப கொட்டித் தீத்துடும். வெயில் காலம் காய்ஞ்சு கெடக்கும். சிவப்பு ஒயினுக்கான காபர்னே சாவினான் லேட்டா பழுக்குற ரகம், மார்ச் கடைசி ஏப்ரல்னு இழுக்கும், போர்டோவுல அது பழுக்குற நேரத்துல மழை வந்து பயம் காட்டும், இங்க பெரும்பாலும் வெட்டி முடிச்ச பிறகுதான் மழையே ஆரம்பிக்கும். இதுதான்யா விஷயம்.

இதுக்குள்ள ஒரு வில்லங்கமும் இருக்கு. குளிர் இறங்காதுன்னு சொன்னேன்ல, சில வருஷம் கொடி முழுசா தூங்கறதுக்கே அந்தக் குளிர் பத்தாது. அப்ப மொட்டு ஒரே சீரா வராது, சீக்கிரம் தளிர்த்துடும், சரியா அந்த நேரம் பாத்து கடல்ல இருந்து வசந்தகால சூறக்காத்து வந்து தளிர ஒடிக்கும், பூவ கெடுக்கும். வெள்ளை ஒயினுக்கான சார்டனே ரகத்துல அங்க ஜின்ஜின் குளோன்னு ஒரு உட்பிரிவு பிரபலம், ஒரே கொத்துல பெரிய பழமும் மிளகு சைஸ் பழமும் கலந்து நிக்கும், கோழியும் குஞ்சும்னு பேரு வெச்சிருக்காங்க. விளைச்சல் கம்மிதான், ஆனா சின்னப் பழத்துல சாறு கெட்டியா இருக்கும், அந்த ஊர் சார்டனேவுக்கு பேரு வாங்கிக் கொடுத்ததுல அதுக்கு பெரிய பங்கு. காபர்னே, சார்டனே போக சாவினான் பிளாங்க், செமியான்ங்கற ரெண்டு ரகத்தையும் கலந்து ஒரு வெள்ளை ஒயின், தெக்க கேரிடேல் பக்கம் கூடுதல் குளிருங்கறதால சாவினான் பிளாங்குக்கு அது தோதான இடம். சிவப்புல ஷிராஸும் மெர்லோவும் இருக்கு, ஆனா காபர்னேயும் சார்டனேயும்தான் ராஜா.

மண்ணப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, எனக்கு அதுதான் பெரிய வருத்தம், திராட்சை போட்டவன் எவனும் மண்ண விட்டுட்டு பேச மாட்டான். அங்க நல்ல தோட்டம் எல்லாம் இரும்புச்சத்து உள்ள சரளை மண்ணுல நிக்குது. பழுப்பு நிறத்துல கோலிக்குண்டு மாதிரி உருண்டை உருண்டையா சரளை, கீழ களிமண், அதுக்கும் கீழ பல கோடி வருஷத்துக் கருங்கல். மேல தண்ணி தேங்காம வடிஞ்சிடும், கீழ களிமண் கொஞ்சம் ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும். சத்து ரொம்ப கம்மி, அதனால கொடி இலையா தழைச்சு ஆட்டம் போடாது. மேற்க கடல் ஓரம் சுண்ணாம்புக்கல், அங்கதான் டூரிஸ்ட் போற குகைங்க எல்லாம் இருக்கு.

எந்த இடத்துல இந்த சரளை இருக்குன்னு ஈஸியா கண்டுபிடிக்க ஒரு மரம் இருக்கு, மேரின்னு பேரு, யூகலிப்டஸ் குடும்பம். மேரி நல்லா ஓங்கி வளர்ந்த இடம் திராட்சைக்கு நல்ல இடம்னு கிளாட்ஸ்டோன்ஸும் சொல்லியிருக்காரு. அதே மரம் அறுவடை நேரத்துலயும் காவல் காக்குது. பிப்ரவரி மார்ச்ல அது பூத்தா சில்வர்ஐங்கற குருவிங்க தேன் குடிக்க அங்க போயிடும், பூக்கலைன்னா கூட்டமா தோட்டத்துல இறங்கிடும். நம்மூர் வெள்ளைக்கண்ணிக் குருவியோட சொந்தக்காரந்தான் அது, சைஸ் பாத்தா பாவமா இருக்கும், பண்ற வேலைய பாத்தா இருக்காது. கல்லிட்டியோட முதல் அறுவடையில பெரும்பாதி குருவிக்கும் அழுகலுக்கும் போச்சு. அவரு குருவிய விரட்ட பைரிங்கற வேட்டைப் பறவை ஒண்ண பழக்கி வானத்துல விட்டாரு, அது பாட்டுக்கு பறந்து போயிடுச்சு, திரும்பி வரவே இல்ல. பாட்டில் லேபிள்ல மட்டும் இன்னிக்கும் உக்காந்திருக்கு. இப்ப எல்லாரும் வலை கட்டிடறாங்க.

இதெல்லாம் வெச்சுப் பாருங்க, கம்பத்துல எது பொருந்துது? நமக்கு குளிர்காலமே கிடையாது, கொடி தூங்காது, கவாத்து பண்ணி கிளைய வெட்டி விட்டாதான் அது தளிர்த்து காய்க்கும். அதனாலதான் வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல காய் வெட்டு நடக்குது, இந்தியாவுல வேற எங்க இந்த வசதி இருக்குன்னு சொல்லுங்க. நமக்கு ரெண்டு பருவமழை, பழுக்குற நேரத்துல மழை புடிச்சா பழம் வெடிக்கும், இத நான் சொல்லித்தான் கம்பத்துக்காரனுக்கு தெரியணும்னு இல்ல. பன்னீர் திராட்சைங்கறது மஸ்கட் ஹாம்பர்க், வாசனைக்கும் சாப்பிடவும் ஜூஸுக்கும் நல்ல ரகம், 2023ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அதப் புடுங்கிட்டு காபர்னே நட்டா மார்கரெட் ரிவர் வராது, கடன்தான் வரும். கட்டுரைய படிச்சுட்டு எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் எனக்கு போன் போட்டு "சித்தப்பா அந்த காபர்னே நாத்து அங்க கிடைக்குமா"ன்னு கேட்டான், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நாத்து இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது தம்பி, சட்டம் விடாது. இந்த மாநிலத்துக்குள்ளயே வெளி மாநிலக் கொடிய இஷ்டத்துக்கு கொண்டு வர முடியாது, வேரத் தின்னுற ஃபிலாக்சரா பூச்சி இன்னும் இங்க வரல, அத வர விடக் கூடாதுன்னு அவ்ளோ கெடுபிடி.

இன்னொன்னு, அந்த வானிலை ரிஜிஸ்டரே இப்ப மாறிக்கிட்டு இருக்கு. தென்மேற்கு ஆஸ்திரேலியாவுல 1970க்கு அப்புறம் ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பெய்யிற மழை 15 சதவீதம் போல குறைஞ்சிருக்கு. 2024ல வெயில் தாங்காம அறுவடை வழக்கத்துக்கு ரொம்ப முன்னாடியே வந்துச்சு, காட்டுல மரங்களே பழுப்பா காய்ஞ்சு நின்னுச்சு. கிளாட்ஸ்டோன்ஸ் எழுதின கணக்கு இன்னும் அறுபது வருஷம் தாங்குமான்னு அங்க உள்ளவங்களே கவலையோடதான் பேசிக்கிறாங்க, குளிர்ச்சியான தெக்குப் பக்கமா பார்வை திரும்புது.

அதனால கம்பத்துக்கு ஏதாவது பண்ணணும்னா கிளாட்ஸ்டோன்ஸ் பண்ணத பண்ணலாம். நம்ம மழை, நம்ம வெயில், நம்ம செம்மண்ணு எல்லாத்தையும் மாசவாரியா எடுத்து வெச்சுக்கிட்டு இதுக்கு எந்த ரகம், எந்த மாசம் கவாத்துன்னு ஒருத்தர் உக்காந்து கணக்குப் போடட்டும். தேனி மாவட்டத்துலயே திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, உங்க நிருபர் அங்க போய் ரெண்டு நாள் பேசிட்டு ஒரு பக்கம் எழுதினா நான் காசு கொடுத்து பேப்பர் வாங்கிப் படிப்பேன்.

கடைசியா, "எப்படிப் போவது" பாக்ஸ்ல கார் வாடகைக்கு எடுத்து தோட்டம் தோட்டமா ருசி பாக்கலாம்னு போட்டிருக்கீங்க. ஓட்டுறவரு பாக்கக் கூடாது, இங்க ரத்தத்துல ஆல்கஹால் அளவு 0.05 தொட்டாலே கேஸ். சாயங்காலம் இருட்டுற நேரம் ரோட்டுல கங்காரு வேற குறுக்க பாயும். அந்த பாக்ஸையும் மேப்பையும் அடுத்த வாரம் திருத்திப் போட்டா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
கம்பத்துக்காரன், பெர்த்