பீடோங்கிலிருந்து அக்காவுக்கு

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தேவ கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? இந்த மாதப் பணத்தை முதல் வாரத்திலேயே போட்டுவிட்டேன்.

போன கடிதத்தில் நீ கேட்டது மனசிலேயே நிற்கிறது. "வேதம் வாசிக்கிறேன், ஜெபம் பண்ணுகிறேன். ஆனால் அந்தக் காலத்தில் பேசின மாதிரி ஆண்டவர் இப்போதும் பேசுகிறாரா?" பேசுகிறார், அக்கா. எனக்குத் தெரிந்தவரை அதை எழுதுகிறேன்.

ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, மலேசியாவில் இருக்கிற அந்தக் கெடா மாநிலம்தான் இது. ஒரு பக்கம் ஜெராய் மலை. மற்றப் பக்கமெல்லாம் செம்பனை, இடையிடையே பால்மரக் காடு, அதாவது ரப்பர். இங்கே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலையில் வேலைநாள், சபை சாயங்காலம்தான் கூடும். விடியலில் கோயில் மணி கேட்டு எழுந்து பழகினவனுக்கு அது பெரிய வெறுமையாயிருந்தது. கோயில் இல்லாத காலையில் ஆண்டவரை எங்கே தேடுவது?

பக்கத்து வீட்டுப் பாட்டியும் எங்கள் சபைதான். தோட்டத்திலேயே பிறந்து, ஆயுசெல்லாம் பால்மரம் வெட்டினவர். இப்போதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சொந்த மரங்களை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடியுமுன் என்னையும் கூட்டிப்போனார். முந்தின தடவை வழிந்த பால், வெட்டின கோட்டிலேயே நாடாவாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. நெற்றியில் கட்டின விளக்கு வெளிச்சத்தில் அதன் நுனியை நகத்தால் நிமிண்டி, ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டார். அப்புறம் கத்தியை வைத்துப் பட்டையை மெல்லிசாகச் சீவினார். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். பால் சாய்ந்த கோட்டில் ஊர்ந்து வந்து, தகரத்தில் இறங்கி, மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்ட ஆரம்பித்தது. "வெயில் ஏறிட்டா பால் நின்னு போயிடும் தம்பி. காஞ்ச பாலை உரிக்காம வெட்டினாலும் சரியா ஓடாது" என்றார்.

எனக்கு அங்கேயே யாத்திராகமம் 16 ஞாபகம் வந்தது. வனாந்தரத்தில் ஆண்டவர் இஸ்ரவேலருக்குக் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தையும் விடியற்காலந்தோறும் அந்தந்த நாளுக்கு வேண்டியமட்டும்தான் சேர்த்தார்கள். வெயில் ஏறஏற அது உருகிப்போகும். சொல்லை மீறி மறுநாளுக்கு வைத்தது பூச்சி பிடித்து நாறியது. (ஓய்வுநாளுக்கென்று அவர் வைக்கச் சொன்னது மட்டும் நாறவில்லை, கவனித்தாயா?) அதுவரை அதை ஆகாரத்தைப் பற்றின அதிகாரமாகவே வாசித்திருந்தேன். ஜனங்கள் தினமும் காலையில் தம்மிடம் வர வேண்டும் என்று அவர் விரும்பினது இப்போதுதான் தெரிகிறது. நம் சொந்தத்திலேயே எத்தனை பேர் என்றோ ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பெற்றதையே இன்னும் சாட்சியாகச் சொல்கிறார்கள்! அது பொய்யல்ல. ஆனால் அது அன்றைக்கு வழிந்த பால்.

புதிதாக ஒரு வேதம் வருகிறது என்று நான் சொல்லவில்லை. பூர்வகாலங்களில் தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் பேசினவர் குமாரன் மூலமாய்த் திருவுளம்பற்றினார் என்றுதான் எபிரெயர் நிருபம் தொடங்குகிறது. அந்தக் குமாரனைக் காண நமக்குத்தான் தினமும் கண் திறக்க வேண்டியிருக்கிறது. எம்மா ஊருக்குப் போன சீஷர் இருவரும் உயிர்த்தெழுந்த அவரோடு வழிநெடுகப் பேசிக்கொண்டே நடந்தும் அறியவில்லை. கண் திறந்தது சாப்பாட்டுப் பந்தியில்.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தேன். அறையில் கூட இருக்கும் பங்களாதேஷ்காரர் முஸ்லிம், அது நோன்பு மாதம். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர், நடுமத்தியானம் அடுப்பு மூட்டி எனக்குக் கஞ்சி காய்ச்சினார். ருசி பார்க்க முடியாததால் உப்பு போதுமா என்று என்னிடமே கேட்டார். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற வசனத்தை நாம் எப்போதும் கொடுக்கிறவர்கள் பக்கத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். அன்றைக்கு நான் படுத்திருக்கிறவன். பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறவனோடு ஆண்டவர் தம்மைச் சேர்த்துக்கொண்டார் என்பது எவ்வளவு பெரிய தாழ்மை என்று அந்தக் கஞ்சியைக் குடித்தபோதுதான் விளங்கியது.

அதனால் அக்கா, தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாயே, போக வேண்டாம். உன் பெயரையும் கஷ்டத்தையும் அவர் சொல்லிவிட்டால் உனக்கு ஆச்சரியமாயிருக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் எழும்புமுன் மாற்கு சுவிசேஷத்தில் பத்து வசனம் வாசி. அதோடு அன்றைய வேலைக்குள் போ. 19-ஆம் சங்கீதத்தில் "பகலுக்குப் பகல் வார்த்தைகளைப் பொழிகிறது" என்று இருக்கிறதே, அதை நம்பி நட. ராத்திரி குடும்ப ஜெபத்தில் அன்றைக்குக் கண்டதை அத்தானிடம் சொல். ஒன்றும் காணாத நாளில் ஒன்றும் காணவில்லை என்றே சொல்.

பெரியவனுக்குப் பரீட்சை எப்போது? கோயில் அசன விருந்துக்கு இந்த வருஷமும் வர முடியாது. என் பங்குக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிடு, பணம் அனுப்புகிறேன். அடுத்த கடிதத்தில் ஊர்ச் செய்தியோடு, அந்த வாரம் உனக்குக் கிடைத்ததையும் எழுது. பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி