வின்சென்ட்டுக்காக அழுத திருப்பூர் நண்பர்களுக்கு

ஞாயிறு மாலைத் திரையிடலுக்கு வந்திருந்த அனைவருக்கும், அதை மாதந்தோறும் நடத்திவரும் குழுவினருக்கும் வணக்கம்.

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் கால இயந்திரத் தொலைக்காட்சித் தொடரில் ஓவியர் வின்சென்ட் வான்கோ வரும் அத்தியாயம் முடிந்து விளக்கைப் போட்டபோது உங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். 2010 ஜூனில் பிபிசியில் ஒளிபரப்பான நாளிலிருந்து பார்க்கிறவர்களையெல்லாம் அழவைத்துக்கொண்டிருக்கும் அத்தியாயம் அது. அழுததில் எனக்குக் குறையில்லை. அதற்குப் பிறகு நடந்த பேச்சைப் பற்றித்தான் இந்த மடல். அங்கேயே எழுந்து சொல்லியிருப்பேன். மைக் என் வரிசைக்கு வருவதற்குள் போண்டா வந்துவிட்டது.

முதலில் எழுந்தவர் கோபமாகத்தான் ஆரம்பித்தார். "இத்தனை பாராட்டையும் காதாரக் கேட்டுவிட்டு ஒருவன் திரும்பிப் போய்ச் சாவானா? நன்றி கெட்ட மனுசன்!" பலர் தலையாட்டினீர்கள். அவருடைய ஆதங்கம் புரிகிறது. தொடரின் நாயகனான டாக்டர் தம் கால இயந்திரத்தில் வின்சென்ட்டை 2010ஆம் ஆண்டுப் பாரிசுக்கு, ஓர்சே அருங்காட்சியகத்துக்கு, அழைத்துப் போகிறார். தன் ஓவியங்களைச் சுற்றிக் கூட்டம் நிற்பதை வின்சென்ட் பார்க்கிறான். அருங்காட்சியகத்துப் பெரியவர் ஒருவர், பக்கத்தில் நிற்பது யாரென்று தெரியாமலேயே, அவனை உலகின் மாபெரும் ஓவியர்களில் ஒருவன் என்கிறார். அவன் தேம்பி அழுகிறான். அவனை அவன் காலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குத் திரும்பும் ஏமி, டாக்டரின் பயணத் துணை, இனி புதிய ஓவியங்கள் நூறு இருக்கும் என்று ஓடுகிறாள். ஒன்றும் இல்லை. 37 வயதில் தற்கொலை செய்துகொண்டவன் அதே 37 வயதில்தான் இறந்திருக்கிறான்.

பாராட்டு கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்பது நம் எல்லோருக்கும் பிடித்த கணக்கு. உண்மை வாழ்க்கையிலேயே அது பொய்த்த கணக்கு. 1890 ஜனவரியில் ஆல்பெர் ஒரியே என்ற விமர்சகர் வான்கோவைக் கொண்டாடி நீண்ட கட்டுரை எழுதினார். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 400 பிராங்குக்கு விலைபோனது. மனிதர் துள்ளிக் குதித்தாரா? தம்மைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்று ஒரியேயிடம் கேட்டுக்கொள்ளும்படி தம்பி தியோவுக்குக் கடிதம் போட்டார். புகழ் அவருக்குச் சுமையாக இருந்தது. ஜூலை 29ஆம் தேதி இறந்தார். மாலை போட்டால் காய்ச்சல் இறங்காது என்று நமக்குத் தெரியும். மனநோய் என்றால் மட்டும் அது மறந்துவிடுகிறது. அந்த அத்தியாயத்தை எழுதிய ரிச்சர்ட் கர்ட்டிஸ் இதை மறக்கவில்லை. அவனைப் பிழைக்கவைத்திருந்தால் நாம் இன்னும் சந்தோஷமாகக் கலைந்திருப்போம், அவ்வளவுதான்.

இரண்டாவது பேச்சுதான் என்னை உறுத்தியது. "கொஞ்சம் கிறுக்கு இருந்தால்தானே கலை வரும்!" அரங்கமே சிரித்தது.

நான் பிரிண்டிங் பட்டறையில் செபரேஷன், அதாவது அச்சுக்காகப் படத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும் வேலை, செய்கிறவன். வான்கோவின் 'விண்மீன் இரவு' எத்தனை பனியன்களின் நெஞ்சில் ஏறியிருக்கிறது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் (அச்சு வலை). சரக்கு வாங்கும் பையர் ஆறு நிறத்துக்கு மேல் காசு தரமாட்டார். எனவே அந்த வானத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி, எந்த நீலத்தை எந்த நீலத்தோடு சேர்ப்பது என்று தீற்றல் தீற்றலாகப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் தெரியும்: சுழியைச் சுற்றி ஓடும் ஒவ்வொரு தீற்றலும் பக்கத்துத் தீற்றலுக்கு வழிவிட்டுத் திரும்புகிறது. மஞ்சளை ஒட்டி எங்கே வெளிர்நீலம் நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கிறது. புத்தி தடுமாறியவன் கை இப்படி ஓடாது. 1889 ஜூனில், சான்ரெமி மனநல விடுதியில், நோய் தணிந்திருந்த நாட்களில் வரைந்தது அது. நோய் முற்றிய நாட்களில் வண்ணத்தையே எடுத்து விழுங்கியிருக்கிறார். வண்ணங்களை அவரிடமிருந்து எடுத்து வைத்துவிட்டார்கள். ஓவியத்தை நோய் கொடுக்கவில்லை. நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை நோய் விட்டுவைத்த நாட்களில் வந்தவைதான்.

கதையில் வின்சென்ட்டைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாமல் திரியும் அந்த மிருகம் தேவையில்லை என்று மாணவி ஒருவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். துரத்தல் காட்சிகள் இழுவைதான்.  

ஆனால் ஒருவர்கூடப் பேசாத காட்சி ஒன்று உண்டு. வின்சென்ட் கட்டிலில் குப்புறக் கிடந்து அழுகிறான். எப்போதும் நம்பிக்கைக்கு இடமுண்டு என்று டாக்டர் தேற்றப் பார்க்கிறார். வெளியே போ என்று அவன் கத்துகிறான். டாக்டருக்கு, பிரபஞ்சம் முழுக்கச் சுற்றியவருக்கு, மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சற்று நேரத்தில் அவனே தொப்பியும் தூரிகைகளுமாக, ஒன்றும் நடக்காதது போல், புறப்படலாம் என்று வந்து நிற்கிறான். ஏன் அழுதான், எப்படித் தேறினான் என்று கதை விளக்கவில்லை. வீட்டில் இப்படி ஒருவரோடு வாழ்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நம் கூட்டத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருந்தார்கள். யாரென்று நான் சொல்லப்போவதில்லை. கிறுக்கு என்று சிரித்தபோது அவர்களும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது.

குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அன்று பிபிசி இந்த அத்தியாயத்தோடு உதவி எண் ஒன்றையும் அறிவித்தது. நாமும் அறிவிக்கலாம். அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை, எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. போலீசுக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் இன்னும் இருப்பதால் அதையும் ஒரு வரி சேர்க்கலாம். மைக் கைமாறும் முன்பே திரையில் போட்டுவிட வேண்டும். போண்டா வந்த பிறகு யாரும் திரையைப் பார்ப்பதில்லை.

எண்ணைப் பெரிய எழுத்தில் துணியில் அச்சடித்துத் தருவது என் பொறுப்பு. என்ன அளவு வேண்டும் என்று மட்டும் சனிக்கிழமை சம்பள நேரம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன்,
திருப்பூர்