730 அடி

அன்புள்ள கயல்,

ரஷ்ய நாவல்களில் கெட்டவன் யார், நாயகன் யார் என்றே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். முகத்திலும் பேச்சிலும் தேடாதே அம்மா. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, எண் வரும் இடத்திலெல்லாம் அடிக்கோடு போடு. அந்தக் கதைகளில் கணக்குப் போடுகிறவனிடம்தான் கேடு குடியிருக்கும். கணக்கு எந்த வரியில் பிசகுகிறது என்று பார்.

புஷ்கினின் ‘இஸ்பேட் ராணி’யில் (1834) தொடங்கு, ஒரே மாலையில் முடிந்துவிடும். ஹெர்மன் சிக்கனக்காரன், கையில் இருப்பது 47,000 ரூபிள். சூதாட்டத்தில் ஜெயிக்கும் மூன்று சீட்டின் ரகசியத்துக்காக ஒரு கிழவியின் சாவுக்குக் காரணமாகிறான். முதல் இரவு மூன்று, மறுநாள் ஏழு, இரண்டிலும் ஜெயிக்கிறான். மூன்றாம் இரவு மொத்தத்தையும் ஆஸின் மேல் வைக்கிறான். கவனி, ஆஸ் ஜெயிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் சீட்டுக்கட்டிலிருந்து உருவி வைத்திருந்ததோ ராணி. ரகசியம் பொய்யில்லை, கை தவறிவிட்டது.

அடுத்து கோகோலின் ‘மாண்ட ஆன்மாக்கள்’ (1842). இதில் மோசடியின் சூத்திரம் புரியாவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் செத்துப்போன பண்ணையடிமைக்கும் ஆண்டை தலைவரி கட்டியாக வேண்டும். அந்தச் செத்த பெயர்களைச் சிச்சிக்கோவ் சல்லிசாக வாங்குகிறான். காகிதத்தில் அவர்கள் உயிரோடு இருப்பதால் தலைக்கு 200 ரூபிள் வீதம் அடகு வைக்கலாம் என்பது திட்டம். சொபாகேவிச் என்ற ஆண்டை தலைக்கு 100 என்று தொடங்கி இரண்டரை ரூபிளுக்கு இறங்குகிறான். வரி ஆண்களுக்கு மட்டும் என்பதால் பெண் பெயருக்கு மதிப்பில்லை. அவனோ எலிசவேத்தா என்ற ஒருத்தியின் பெயரில் கடைசி எழுத்தை மாற்றி, ஆணாக்கிப் பட்டியலில் சொருகிவிடுகிறான். எத்தனுக்கு எத்தன்! ‘ஆன்மா’ என்ற சொல் தமிழில் கோயில் வாசனை அடிக்கிறது. ‘வீட்டில் நாலு உயிர் இருக்கிறது’ என்போமே, ரஷ்யச் சொல் அதற்குத்தான் பக்கம். பலரும் நடுவிலேயே மூடி வைத்துவிடுவார்கள். சிச்சிக்கோவ் எப்படி இப்படியானான் என்பது முதல் பாகத்தின் கடைசி அத்தியாயமான பதினொன்றில்தான் வருகிறது.

தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) எம்.ஏ. சுசீலாவின் தமிழில் கிடைக்கிறது. இங்கே நிதானமாகப் போ. அடகுக்காரிக் கிழவியைக் கொல்லத் திட்டமிடும் ரஸ்கோல்னிகோவ், தன் வீட்டு வாசலிலிருந்து அவள் வீட்டுக்கு 730 காலடி என்று எண்ணி வைத்திருப்பவன். கோடரியை மாட்டக் கோட்டுக்குள் வார் தைத்திருக்கிறான். கிழவியின் கவனத்தைப் பிடித்து வைக்க, மரத்துண்டையும் இரும்புத் தகட்டையும் சுலபத்தில் அவிழாதபடி கட்டி ‘அடகுப் பொருள்’ ஆக்கியிருக்கிறான். நாளன்று எல்லாம் புரள்கிறது. தூங்கி நேரத்தைத் தவறவிடுகிறான். சமையலறையில் வேலைக்காரி இருப்பதால் கோடரிக்கு வேறிடம் போக வேண்டியிருக்கிறது. கதவைத் தாழிடவில்லை. கிழவியின் தங்கை லிஸவேத்தா உள்ளே வந்துவிடுகிறாள், கணக்கில் இல்லாத இரண்டாவது கொலை. பின்னுரையை விட்டுவிடாதே. களவாடிய பையில் 317 ரூபிளும் சில்லறையும் இருந்தன என்பது அங்கேதான் வருகிறது. அடியை எண்ணியவன் அந்தப் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விசாரணையில் பலராலும் இதை எளிதில் நம்ப முடியவில்லை.

லெர்மொந்தோவின் ‘நம் காலத்து நாயகன்’ நாவலில் வரும் பெச்சோரினைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், அவனை ரசிப்பவர்கள் ஏற்கனவே ஏராளம். ஐந்து கதைகளும் கால வரிசையில் இல்லை. அவன் செத்த செய்தியைப் படித்த பிறகுதான் அவனுடைய நாட்குறிப்பைப் படிப்போம். நீயாக வரிசை மாற்றிப் படிக்காதே.

எல்லோரையும்விட என்னை நடுங்க வைப்பவன், அதிகம் பேசப்படாத யூதுஷ்கா. சல்திகோவ் ஷெத்ரினின் ‘கொலவ்லியோவ் குடும்பம்’ (1880) நாவலில் வருகிறான். வாயெல்லாம் தேன், நாளெல்லாம் பிரார்த்தனை. சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் செத்து, தன் மாடுகள் மட்டும் இரட்டிப்பாகக் கறந்தால் பால் பணம் எவ்வளவு வரும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவான். அரசுப் பணம் 3,000 ரூபிளைச் சூதாட்டத்தில் தோற்றுவிட்டு வந்து கெஞ்சும் மகனுக்குக் காலணா தரமாட்டான். அவன் கையில் கோடரி எதுவும் இல்லை.

பென்சில் முறை தோற்கும் இடமும் ஒன்று உண்டு: ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் ஸ்விட்ரிகைலோவ். பெண்களை நாசம் செய்தவன் என்று ஊரே பேசும் அவன்தான் அநாதைப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 1,500 ரூபிள் ஒதுக்குகிறான், அவர்களுக்கு அக்கா முறையான சோனியாவுக்கு 3,000 தருகிறான், பதிலுக்கு எதுவும் கேட்பதில்லை. அதன் பிறகு தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அவன் வரும் பக்கங்களில் எதற்கு அடிக்கோடு போட்டாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா