உறைக்காதவள் எழுதுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழுக்கு நான் 26 ஆண்டுகளாகச் சந்தாதாரர். இதுவரை இரண்டு கடிதங்கள்தான் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்தின் கதி என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

சென்ற மாதக் குடும்பப் பக்கத்தில் ஒரு கணவர் கேட்டிருந்தார். அவருடைய அம்மா இறந்தபோது மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். மனைவிக்கு ஆட்டிசம் (பிறவியிலேயே மூளை வேறு மாதிரி இயங்குவது) என்று டாக்டர் சொல்கிறாராம். இவளோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பது கேள்வி. உங்கள் ஆலோசகர் ஆறே வரியில் பதிலை முடித்துவிட்டார். நான்காவது வரி இது: “ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் துக்கம் உறைக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள்.” பக்கத்தைப் புரட்டினால், மாடித் தோட்டத்தில் கத்தரிச் செடி ஏன் வாடுகிறது என்று ஒரு முழுப் பக்கம். கத்தரிச் செடி கொடுத்து வைத்தது.

எனக்கும் ஆட்டிசம்தான். வயது 51. தெரிந்தது 44ஆவது வயதில். ஆகவே துக்கம் உறைக்காதவள் எழுதும் கடிதம் என்றே இதைப் படியுங்கள்.

என் மாமனார் இறந்த அன்று வீடு கொள்ளாத ஜனம். ஊதுபத்திப் புகை, சம்பங்கி மாலை வாசம், ஐஸ் பெட்டியின் உறுமல், வாசலில் பறை. கூடத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரோ என்னையும் இழுத்து அணைத்தார்கள். காது அடைத்துக்கொண்டது. உடம்பு முழுக்க எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுக் காப்பி குடித்துப் போட்டிருந்த டம்ளர்களைக் கழுவ உட்கார்ந்தேன். 74 எவர்சில்வர் டம்ளர். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. “கல் நெஞ்சுக்காரி” என்று ஓர் உறவுக்காரம்மா என் காதில் விழும்படியே சொன்னார். அவர் வைத்துவிட்டுப் போனது 75ஆவது டம்ளர்.

அப்போதுதான் மாமியாரின் சுகர் மாத்திரை நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அழுதுகொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு இட்லி வாங்கி, மாத்திரையோடு அவர் முன்னால் வைத்தேன். என்ன பேசுவதென்று தெரியாததால் ஒன்றும் பேசவில்லை. அவர் ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

எனக்கு அழுகை வந்தது பதினோரு மாதம் கழித்து. பரணைச் சுத்தம் செய்தபோது பழைய காலண்டர் ஒன்று கிடைத்தது. தேதிக் கட்டங்களில் மாமனாரின் பென்சில் எழுத்து: பால் ½, பால் ½, பால் 1 (விருந்தாளி). அன்று மதியம் மூன்று மணி நேரம் அழுதேன். பார்க்க ஆள் இல்லாததால் அந்த அழுகை ஊர்க் கணக்கில் வரவில்லை.

இந்த “உறைக்காது” எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன. 1985இல் லண்டனில் வைத்த பொம்மைப் பரீட்சை. சாலி என்ற பொம்மை தன் கோலியைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறது. ஆன் என்ற பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? கூடையில்தான், மாற்றியது அவளுக்குத் தெரியாதே. ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். சரியாகச் சொன்ன நாலு பேரை ஊர்ப் பேச்சில் யாரும் கண்டுகொள்வதில்லை. அது போகட்டும். சாலி எந்த இடத்தில் தேடுவாள் என்று ஊகிப்பதும், சாலி அழுதால் எனக்கு வலிப்பதும் ஒன்றா? முகத்தைப் பார்த்து என்னால் உடனே படிக்க முடிவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். “என் மேல கோபமா?” என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். கோபம் என்று தெரிந்துவிட்டால் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்காது.

தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், இந்தப் புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012இலேயே எழுதிவிட்டார். 2020இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எட்டு எட்டுப் பேராக வரிசை கட்டி, காதோடு காதாக ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. இரு தரப்பும் கலந்து நின்ற வரிசையில்தான் கதை அதிகம் உதிர்ந்தது. என் முகத்தைப் படிக்க முடிகிறதா என்று என் வீட்டுக்காரருக்கு யாராவது பொம்மை வைத்துப் பரீட்சை நடத்தியிருக்கிறார்களா?

எனக்கு ஒரு தோழி உண்டு, 19 வருடப் பழக்கம். அவளும் என்னைப் போல ஆட்டிசம் ஜாதிதான் என்று சந்தேகம். நாங்கள் “சாப்டியா” என்று கேட்டுக்கொள்வதில்லை. நேரே 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளிக் கோலத்துக்குப் போய்விடுவோம். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக 31 பேர் பார்க்க வந்தார்கள். அவள் வரவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் தன் வீட்டு வாசல் கோலத்தைப் படம் எடுத்து அனுப்பினாள், நாற்பது நாள். எந்த விசாரிப்பும் இல்லை, பதில் சொல்லும் கடனும் இல்லை. எனக்கு ஒட்டியது அதுதான். உங்கள் ஆலோசகர் இதை எந்தக் கணக்கில் வைப்பார்?

அந்தக் கணவர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: பத்து வருடத்துக்கு முன் அவர் சொன்னதை மனைவி வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டுகிறாராம், கல்யாண நாளை மட்டும் மறந்துவிடுகிறாராம். ஆலோசகர் அதைத் தொடவே இல்லை. நான் தொடுகிறேன். 1983இல் மூன்றாம் வகுப்பு டீச்சரின் மாம்பழக் கலர் சேலையில் மைக்கறை எந்த ஓரத்தில் இருந்தது என்று இப்போதும் சொல்வேன். டீச்சர் முகம் நினைவில்லை. எதிர் வீட்டு அக்காவை நைட்டியும் கோலமாவு டப்பாவுமாகவே 12 வருடம் பார்த்துப் பழகியவள், அவர் பட்டுப்புடவையில் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தபோது தாண்டிப் போய்விட்டேன். “திமிர்” என்றார். மறுநாள் காலை நைட்டியில் பார்த்து நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

சண்டைகளும் அப்படித்தான். வீட்டுக்காரருக்கு ஒரு சண்டை இரவோடு போய்விடும். எனக்கு அது அதே ஃபேன் சத்தத்தோடு, அதே வரிசையில் திரும்பி வரும். நான் எடுத்துச் சொன்னால் குத்திக்காட்டுகிறேன் என்பார். நானோ, அவர் மறந்துவிட்டாரே என்று ஆதாரம் கொடுத்து உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆட்டிசம் என்று 44 வயது வரை ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். டாக்டர், என் சின்ன வயதைப் பற்றிச் சொல்ல யாரையாவது கூட்டி வரச் சொன்னார். அம்மாவை ரயிலேற்றி அழைத்துப் போனேன். “இவளால ஒரு தொந்தரவும் இருந்ததில்லீங்க. சமத்து. வச்ச எடத்துல இருப்பா” என்று அம்மா பெருமையாகச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூலையில் தனியே உட்காரும் பையனை டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். பெண் பிள்ளை என்றால் அதற்கு அடக்கம் என்று பெயர். ஆட்டிசத்தைப் பற்றி ஆரம்பத்தில் எழுதிய டாக்டர்களில் ஒருவர் கன்னர். அவர் 1943இல் எழுதிய 11 குழந்தைகளில் 3 பேர் பெண்கள். மறு வருடம் ஆஸ்பெர்கர் என்ற இன்னொரு டாக்டர் விரிவாக எழுதிய நால்வரும் பையன்கள். நாலு ஆணுக்கு ஒரு பெண் என்று சொல்லிவந்த கணக்கை, பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, மூன்றுக்கு ஒன்று என்பதே நெருக்கம் என்று சொன்னது 2017இல் வந்த ஓர் ஆய்வு. உங்கள் இதழுக்கு அந்தத் தபால் இன்னும் வரவில்லைபோல. உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2ஐ ஒட்டி ஒவ்வொரு வருடமும் ஜன்னலைப் பார்த்து நிற்கும் ஒரு நீலச் சட்டைப் பையனின் படத்தைத்தான் போடுகிறீர்கள். நான் கண்ணைப் பார்த்துப் பேசாததற்கு அடி வாங்கி, எதிராளியின் மூக்கு நுனியைப் பார்க்கப் பழகியவள். கல்யாண வீட்டில் எத்தனை தடவை “அப்புறம்?” சொல்ல வேண்டும் என்று அத்தையைப் பார்த்துக் கற்றவள். அதற்கெல்லாம் யார் படம் போடுவார்கள்.

பெயரையாவது ஒழுங்காக வைத்தார்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் எங்களுக்கும் இடம் உண்டு, சரி. ஆனால் நம் அரசு அறிவிப்புகளில் நாங்கள் “புற உலகச் சிந்தனையற்றோர்”. டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் விசில், முன்சீட்டுக்காரரின் தலை எண்ணெய், ஜாக்கெட்டின் உள்தையல், டிரைவர் போட்ட பாட்டு எல்லாம் ஒரே நேரத்தில் என்மேல் கொட்டுகின்றன. புற உலகம் அரை மணி நேரம் என் சிந்தனையில் இல்லாமல் போனால் கோடிப் புண்ணியம்.

கொடி வாடுகிறதே என்று தேரை நிறுத்திவிட்டு நடந்து போனவனை வள்ளல் என்கிறோம். கைப்பிடி உடைந்த வாணலியைப் பழைய இரும்புக்காரரிடம் போட மனசு வராமல் நான் கண் கலங்கினால் வீட்டில் சிரிக்கிறார்கள். பாரி ராஜா, நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதுகிறவள்.

முதல் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் சமையல் குறிப்பில் “தேவையான அளவு உப்பு” என்றால் எத்தனை ஸ்பூன் என்று கேட்டு எழுதினேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன். நீங்கள் அதை “வாசகர் குறும்பு” என்று தலைப்பிட்டு, பக்கத்தில் நாக்கை நீட்டும் பொம்மைப் படம் போட்டீர்கள். 13 வருடம் ஆகிறது. எத்தனை ஸ்பூன் என்று இன்றுவரை பதில் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த நான்காவது வரி தவறு என்று அடுத்த இதழில், அதே குடும்பப் பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு வரி போடுங்கள். அந்தக் கணவரின் முகவரி உங்களிடம் இருக்கும். சாவு நடந்த அன்று மனைவி வீட்டில் எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவருக்கு ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள். கார்டுக்கான காசை மணியார்டரில் அனுப்பவும் தயார்.

இப்படிக்கு,
சந்தாதாரர் (பெயர் வேண்டாம், அலுவலகத்தில் இன்னும் சொல்லவில்லை)

பி.கு.: இதழை அந்தச் சலசலக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புவதை நிறுத்த முடியுமா? ஒவ்வொரு மாதமும் வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்துத் தருகிறார்.